மேடையின் பின்வரிசை – 14: காதுக்கு எட்டாதது கைக்கு எட்டிய கதை

சென்ற பகுதியில் டிரம்ஸ் வாசித்தவர்களைப் பார்த்தோம். அவர்களைக் கூட்டம் அறியும். கையும் குச்சியும் போகிற வேகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். அவர்களுக்குப் பக்கத்தில் அதிகம் அசையாமல் நின்று நாலு தந்தியை மீட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. பாட்டு முடிந்தால் பாடகரைப் பாராட்டுவார்கள், புல்லாங்குழலைச் சொல்வார்கள், கிட்டாரைக்கூடச் சொல்வார்கள். பேஸ் கிட்டாரை மெச்சிக்கொண்டே வீட்டுக்குப் போன ரசிகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ராக் கலைஞர்களிடம் யாரைப் பார்த்துக் கற்றீர்கள் என்று கேட்டால், சில பேஸ் வாசிப்பாளர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரசிகருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் கலைஞருக்கு ஆசானாவது எப்படி? பேஸ் வாசிப்பாளரின் செல்வாக்கு ரசிகர் வழியாகப் போவதே இல்லை, ஒரு கையிலிருந்து நேரே இன்னொரு கைக்குப் போகிறது என்பது என் வாதம். புகழைப் பின்தொடர்ந்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பாதையைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அதை மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் காட்ட முடியும். இங்கே அந்த வாசிப்பாளரின் பெயர் இன்னும் ஆழமாகப் புதைந்து கிடந்தது.

முதலில் காதின் கணக்கைத் தீர்த்துவிடலாம். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஆரணி போன்ற நெசவு ஊருக்குச் சினிமாப் பாட்டு வந்து சேர்ந்த வழிகள் சிலவே: தறிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய டிரான்சிஸ்டர், டீக்கடை ரேடியோ, சினிமாக் கொட்டகை, கல்யாண வீட்டு வாசலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. பேஸ் கிட்டாரின் நாலு தந்திகளையும் எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டினால் வருகிற ஒலி நொடிக்குச் சுமார் 41 அதிர்விலிருந்து 98 அதிர்வு வரை. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் 200 அதிர்வுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. குழாய் ஒலிபெருக்கி இன்னும் மோசம். நாலு தெரு தள்ளிக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த சாதனத்திடம் அடிக்குரலை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கணக்குப்படி பேஸ் கிட்டார் ஆரணிக்கு வந்து சேரவே இல்லை. ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. தந்தி ஒரே அதிர்வோடு நின்றுவிடுவதில்லை. 41 முறை அதிரும் தந்தி 82, 123, 164, 205, 246 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. அடிப்படை அதிர்வு வழியிலேயே தொலைந்துபோனாலும், மேலே எஞ்சிய மடங்குகளுக்கு நடுவில் உள்ள சமமான இடைவெளியை வைத்து மூளை அந்தக் கீழ் ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். பழைய தொலைபேசிக் கம்பி 300 அதிர்வுக்குக் கீழே எதையும் கடத்தாதபோதும் அதில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்டது இதனால்தான். எனவே தறியில் உட்கார்ந்திருந்தவர் பேஸ் கிட்டாரைக் கேட்டார். தனியே பிரித்துத்தான் கேட்கவில்லை. பாட்டு நகர்வது தெரிந்தது, எது நகர்த்துகிறது என்பது தெரியவில்லை. ரசிகரின் அனுபவம் அங்கே நிறைந்துவிடுகிறது. வாசிக்க ஆசைப்பட்டவருக்கோ வேலையே அங்கேதான் தொடங்கியது. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டி, எந்த ஸ்வரத்தில் நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்று துருவ வேண்டியிருந்தது. அப்படித் துருவிக் கற்றதைக் கை மறப்பதில்லை.

மேல்நாட்டிலும் இதே தடை வேறு உருவில் இருந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து ஊர் ஊராகப் போனவர்களுக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஆனால் இசைத்தட்டில் அடிக்குரலை அழுத்திப் பதித்தால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும் என்று ஒலிப்பதிவு நிறுவனங்கள் பயந்தன. 1966இல் பீட்டில்ஸ் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டைப் பதிவு செய்தபோது பொறியாளர் ஜெஃப் எமரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காகப் பயன்படுத்தி பால் மெக்கார்ட்னியின் பேஸைப் பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் வழக்கமாக லீட் கிட்டார் புகும் இடத்தில் பேஸைத் தனியாகப் பேசவிட்டார். அவர் அங்கே நிற்கவில்லை. ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியை உருவாக்கத் துணைநின்றார். தட்டைக் கம்பி சுற்றிய பழைய தந்தி மொத்தென்று ஒலித்து அடங்கும். புதியதில் மேல் மடங்குகள் அதிகம், அதனால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் தலைகாட்டும். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் இந்தக் கூர்மையை ரிக்கன்பேக்கர் பேஸில் இன்னும் தூரம் கொண்டுபோனார். கனடாவின் ரஷ் குழுவில் வாசித்த கெடி லீ தன் முன்னோடிகளாக என்ட்விசில், ஸ்கொயர், கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் ஆகியோரைச் சொல்கிறார். கெடி லீயைக் கேட்டு வளர்ந்தவர்கள் மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனும் பிரைமஸின் லெஸ் கிளேபூலும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த வாசிப்பாளரிடமே போய்க் கோக்கிறது. நடுவில் ரசிகர் கூட்டம் கைதட்டியிருக்கலாம். பாடம் அந்தக் கைதட்டல் வழியாகப் போகவில்லை.

இதற்கு உச்சமான சான்று ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்துக்காக 1959 முதல் பேஸ் வாசித்தவர். டபுள் பேஸில் ஜாஸ் வாசித்துப் பழகிய கை. அந்தப் பழக்கத்தோடேயே வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் கொண்டு எலெக்ட்ரிக் பேஸையும் மீட்டினார். தந்தியை மாற்றவே மாட்டார்; பழைய தந்தியின் மந்தமான ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. பெரும்பாலும் அவருக்கு முன்னே வைக்கப்பட்டது கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) மட்டும் எழுதிய தாள். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எங்கே மௌனம் என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். 1960களில் உலகமே ஆடிய எத்தனையோ மோட்டவுன் பாட்டுகளுக்கு அடியில் அவர் இருந்தார். இசைத்தட்டின் உறையில் இல்லை. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971இல் வந்தபோதுதான் மோட்டவுன் உறையில் அவர் பெயர் அச்சானது, 12 ஆண்டு உழைப்புக்குப் பிறகு. 1983 மார்ச்சில் மோட்டவுன் தன் 25ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. ஜேமர்சன் டிக்கெட் வாங்கிப் பார்வையாளராக மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார். இத்தனைக்கும் அட்லாண்டிக்கின் அக்கரையில் பால் மெக்கார்ட்னி, தன் பேஸ் வாசிப்பை மாற்றியவர்களில் முதன்மையானவர் என்று சொல்வது ஜேமர்சனைத்தான். அந்த வாசிப்பு லிவர்பூலுக்குப் போய்ச் சேர்வதற்கு வாசித்தவரின் பெயர் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருமுன் ஒரு கேள்வியைக் கடக்க வேண்டும். பாட்டுக்கு அடியில் ஒரு குரல் ஒலிப்பது நமக்குப் புதிதா? தம்புரா இருக்கிறது, நாதஸ்வரத்துக்கு ஒத்து இருக்கிறது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் தவிலின் தொப்பியும் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் நிலையாக நிற்கும் அடி. தம்புரா ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டு நகராது; அது நகராததால்தான் மேலே ராகம் தன்னைக் காட்டிக்கொள்ள முடிகிறது. பேஸ் கிட்டார் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. பாடகர் அந்தர காந்தாரத்தில் நீட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பேஸ் ஷட்ஜத்தில் இருந்தால் அது சாதுவான காந்தாரமாகவே கேட்கும். பேஸ் சதுஸ்ருதி தைவதத்துக்குப் போனால், பாடகர் அசையாமலே அவருடைய ஸ்வரம் அந்தத் தைவதத்துக்குப் பஞ்சமமாகிவிடும். பாட்டில் ஒரு நிழல் படியும். சுத்த மத்திமத்துக்கு இறங்கினால் அதே ஸ்வரம் காகலி நிஷாதமாக நின்று, எங்கோ போய்ச் சேர ஏங்கும். பாடகர் ஒன்றுமே செய்யவில்லை. பொருள் இரண்டு முறை மாறிவிட்டது. ரசிகர் பாடகரைப் பார்த்து உருகுவார். இசை தெரிந்தவர் மட்டும் திரும்பிப் பின்வரிசையைப் பார்ப்பார். பேஸ் வாசிப்பாளர் கலைஞர்களைப் பாதிப்பதன் காரணம் அவருடைய வேகமோ சாகசமோ இல்லை, இந்த அதிகாரம்தான் என்று நினைக்கிறேன். நிலைத்த சுருதியில் ஊறிய தமிழ்க் காதுக்கு இது மேற்கத்தியக் காதைவிடப் பெரிய புதுமை.

சுருதிப் பெட்டிக்குப் பழகிய நாட்டில் அந்த நகரும் அடியைச் சினிமாப் பாட்டுக்குள் ஒரு முழுக் குரலாக்கியவர் இளையராஜா. அவருக்கு முன் இல்லையா என்றால், இருந்தது, எம்.எஸ். விஸ்வநாதன் காலத்து வாத்தியக் குழுக்களில் டபுள் பேஸும் உண்டு, பிறகு பேஸ் கிட்டாரும் உண்டு. 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ ஒரு பாப் குழுவின் கதையே. ஆனால் அங்கே பேஸ் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர் தாமே கிட்டார் வாசித்தவர், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணம் கற்றவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகளை எழுதியவர். மேற்கத்தியச் செவ்விசை மேதை பாக்கின் இசையைப் படித்தவருக்கு அடிக்குரல் என்பது மேல்மெட்டோடு வாதாடுகிற இன்னொரு மெட்டு. ‘பகலில் ஓர் இரவு’ படத்தின் ‘இளமை எனும் பூங்காற்று’, ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’, ‘நினைவெல்லாம் நித்யா’வின் ‘பனிவிழும் மலர்வனம்’ என 1979க்கும் 1982க்கும் இடையில் வந்த பாட்டுகளை நல்ல ஹெட்போனில் அடிக்குரலை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். குரல் நிற்குமிடத்தில் பேஸ் நகர்கிறது, குரல் நகருமிடத்தில் அடங்குகிறது. மெக்கார்ட்னியும் இப்படிப் பாடுகிற பேஸைத்தான் வாசித்தார், ஆனால் அவர் வந்த வழி வேறு. ‘சார்ஜென்ட் பெப்பர்’ காலத்தில் மற்ற எல்லாம் பதிவாகி முடிந்தபின் கடைசியாகப் பேஸைத் தனியாகச் சேர்ப்பார். எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். சென்னையில் அப்படிப்பட்ட சாவகாசம் கிடையாது. வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடகரோடு சேர்ந்து ஒரே டேக்கில் வாசிக்க வேண்டும். அந்தக் காலி இடம் எங்கே என்பது தாளில் நோட்ஸ் எழுதும்போதே முடிவாகியிருந்தது. மெக்கார்ட்னி கடைசியில் செய்ததை இங்கே முதலிலேயே செய்தார்கள். இதை ஒரு தொழில்நுட்ப வித்தியாசம் என்று ஒதுக்க முடியாது. பின்னால் கற்றுக்கொண்டவர்கள் எதைக் கற்றார்கள் என்பதையும் இது தீர்மானித்தது.

இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு வருகிறது. நோட்ஸ் எழுதியவர் இளையராஜா என்றால், செல்வாக்கு இசையமைப்பாளருடையது. பேஸ் வாசிப்பாளரை ஏன் இழுக்கிறீர்கள்? அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர் சசிதரன். லீட் கிட்டாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மானுவேல், டிரம்ஸில் புருஷோத்தமன். எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஆரணிக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கான விடையைத் தறியிலிருந்தே சொல்லலாம். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டைகள் ஒன்றேதான். எந்த இழை எழ வேண்டும் என்பது துளையில் முடிவாகிவிட்டது. ஆனாலும் ஒரே அட்டையில் இரண்டு பேர் நெய்த சேலைகளைக் கையில் வாங்கும் வியாபாரி, பலகையை யார் சீராக அடித்தார் என்று தொட்டே சொல்லிவிடுவார். நோட்ஸும் அப்படித்தான். எந்த ஸ்வரம், எந்த நேரத்தில் என்று தாள் சொல்லும். தந்தியை எவ்வளவு அழுத்தி மீட்டுவது, ஒலியை எந்தக் கணத்தில் உள்ளங்கையால் அடக்குவது, தாளத்துக்கு மயிரிழை முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று சொல்லாது. பேஸில் இவைதான் முக்கால் பங்கு. இன்னொன்றும் உண்டு. ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் கேரல் கே போன்ற ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தது அதன் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் மனதில் கட்டிய பேஸ். கார்டின் மூல ஸ்வரத்தில் நிற்காமல் வேறு ஸ்வரத்தில் கால் ஊன்றும் அந்த வழியை மெக்கார்ட்னி வியந்து பின்பற்றினார். அதனால் ஜேமர்சனின் சொந்தக் கற்பனையிலிருந்தும் கேரல் கே கேட்டு வாசித்த பேஸிலிருந்தும் அவர் ஒரே மாதிரி கற்றார். கற்கிறவருக்கு ‘இதை யோசித்தவர் யார்’ என்பது இரண்டாம் கேள்வி. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாட்டை எடுத்துத் தன் ‘எலிஃபங்க் தீம்’ செய்தபோது, நோட்ஸைப் பிரதியெடுக்கவில்லை. ஒலிப்பதிவையே வெட்டி எடுத்தது. எழுதியவரின் மூளையோடு வாசித்தவர்களின் விரல்களும் சேர்ந்தே கடல் தாண்டின. ஆகவே மறுப்பில் உண்மை உண்டு என்று ஒப்புக்கொண்டு வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்: தமிழ்நாட்டில் பாதித்த ‘பேஸ் வாசிப்பாளர்’ ஓர் ஆள் இல்லை, எழுதிய கையும் மீட்டிய கையும் சேர்ந்த ஒன்று.

அடுத்த மறுப்பு எளிதானது, ஆனால் அடிக்கடி வருவது: இதெல்லாம் சினிமாப் பாட்டு, ராக் எங்கே? ராக் என்பதை நாலு பேர் நீள முடியோடு மேடையில் நிற்பது என்று வைத்துக்கொண்டால், சென்னையில் அதற்கும் இடம் இருந்தது, ஐ.ஐ.டி.யில் 1974இல் ‘மார்டி கிரா’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘சாரங்’ என்று வழங்கும் விழாவின் ராக் மேடை தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிக் குழுக்களை வளர்த்தது. ஆனால் போளூர், செய்யாறு, ஆரணிப் பக்கத்துப் பையன் அந்த மேடைக்கு எப்படிப் போவான்? அவனுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் ஆர்கெஸ்ட்ரா. ஆடி வெள்ளியில் படவேட்டுக்குக் கூட்டம் போகிற பருவத்தில் சுற்றுவட்டாரமெங்கும் அம்மன் கோவில்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். அங்கே பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டுகிறவருக்கு நோட்ஸ் யாரும் தருவதில்லை. கேசட்டைக் கேட்டு ஒவ்வொரு பேஸ் லைனையும் தானே பிரித்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கிட்டாருக்கு இறக்குமதி வரி எட்டாத உயரத்தில் இருந்த 1991க்கு முந்தைய காலத்தில், கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்களே கதி. இந்த முறையில் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. லண்டனில் ஒரு பையன் ராக் பேஸ் கற்கத் தொடங்கினால் மூன்று கார்டு, மூல ஸ்வரம், நேரான தாளம் என்று தொடங்குவான். தமிழ்நாட்டு ஆர்கெஸ்ட்ராப் பையனுக்கு முதல் பாடமே எதிர்மெட்டு பாடும் பேஸ். அவன் பின்னால் ராக் வாசிக்கப் போனால், எளிய பேஸ்தான் அவனுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய ஒழுக்கம். எளிமையைக் கற்க முடியாமல் எல்லா இடத்தையும் நிரப்பிக் கெடுத்தவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. செல்வாக்கு என்றால் நன்மை மட்டும் என்று யார் சொன்னது?

மூன்றாவது மறுப்பு, இயந்திரம் வந்து கதையை முடித்துவிட்டது என்பது. 1981இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற சின்னப் பெட்டியை விற்றது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குப் பேஸ் வாசிப்பாளரின் இடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் அது படுதோல்வி. ஒருவரும் அதைப் பேஸ் கிட்டார் என்று நம்பவில்லை, 1984இல் தயாரிப்பு நின்றது. மும்பையில் திரையிசைக் குழுக்களில் கிட்டாரும் சின்தசைசரும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அந்தப் பெட்டியை வாங்கி, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார், அப்போது சீந்துவாரில்லை. சிகாகோ இளைஞர்கள் மலிவு விலையில் கிடைத்த அதே பெட்டியைத் திருகித் திருகி 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற புது இசையைக் கண்டார்கள். சிங்கின் பதிவு 2010இல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. பேஸ் வாசிப்பாளரை மாற்ற வந்த இயந்திரம் வேறெல்லாம் செய்தது, அதை மட்டும் செய்யவில்லை. தமிழிலும் இப்படித்தான். 1986இல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது கணினி இசை பேசுபொருளானது. 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மான் கணினியையே மையமாக்கினார். அவர் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர், சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவிலும் இருந்தவர். எந்த வாத்தியத்தையும் பெட்டிக்குள் செய்துகொள்ளத் தெரிந்த அவர், பேஸுக்குத் தொடக்க காலம் முதலே கீத் பீட்டர்ஸை அழைத்துக்கொண்டார். ராக் குழுவிலிருந்து வந்தவரும் இளையராஜாவின் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவருமான ஒருவர் எதைக் கைவிட்டார், எதைக் கைவிடவில்லை என்று பாருங்கள். கைவழி வந்த பாடத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கேசட், சிடி உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தையும் ரஹ்மான் பரவலாக்கினார். அந்தச் சின்ன எழுத்துகளைப் படித்துத்தான் ஒரு தலைமுறைக்குப் பேஸ் வாசிப்பவருக்கும் பெயர் உண்டென்று தெரிந்தது.

அந்த உறை எழுத்துகள் மாற்றியது என்ன? செல்வாக்கின் அளவை அவை கூட்டிவிடவில்லை, அது முன்பே பெரியதுதான். வாசிப்பாளர் தன்னைப் பற்றி நினைப்பதை மாற்றின. பேஸ் வாசிப்பாளரான தந்தையிடம் குழந்தையிலேயே கற்கத் தொடங்கிய மோகினி டே, ரஹ்மானின் மேடைகளில் வாசித்து, ஸ்டீவ் வை போன்ற ராக் கிட்டார் கலைஞர்களோடு பணியாற்றி, 2023இல் தன் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். சசிதரன் தலைமுறைக்கு இப்படி ஒரு தொகுப்பு கற்பனையிலும் வந்திருக்காது. பழைய பாட்டுகளிலிருந்து பேஸை மட்டும் மென்பொருளால் பிரித்தெடுத்து, தானும் கூடவே வாசித்துக் காணொளியாக வெளியிடும் இளைஞர்கள் இன்று தமிழில் நிறைய. அவற்றின் கீழே வரும் கேள்விகளைப் படித்தால் எந்த விரல், எந்தத் தந்தி, எந்த ஃபிரெட் என்றுதான் இருக்கும். கேட்கிறவர்களும் வாசிக்கிறவர்களே.

இந்த வாதத்துக்குள் அடங்காத ஒரு கூட்டம் மீதமிருக்கிறது. மெக்கார்ட்னி, ஸ்டிங், டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவின் ராகுல் ராம், 2011இல் ‘கோ’ படத்துக்காக ‘என்னமோ ஏதோ’ பாடிய சென்னையின் ஆலாப் ராஜு: இவர்களெல்லாம் பேஸை மாட்டிக்கொண்டே மைக்குக்கு முன்னால் வந்தவர்கள். இவர்களை ரசிகர்களுக்குத் தெரியும். இவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றது பேஸா, பாட்டா, இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்ளும் வித்தையா என்பதைப் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. தாளத்துக்கு ஒன்றும் மெட்டுக்கு ஒன்றுமாகக் கவனத்தைப் பிளந்து வாசிப்பது எப்படி என்பதிலிருந்து அடுத்த பகுதியில் தொடங்கலாம்.

(தொடரும்)